பிள்ளையின் கால் ஏன் விறைக்கிறது?

ஆறேழு வயதுப் பிள்ளை வந்து ‘எனக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது’ என்று ஒருநாளும் முறையிடாது. ‘காலுக்குள்ள எறும்பு ஊருது அம்மா’ என்னும். ‘கால் நித்திரையாப் போச்சு’, ‘பஞ்சுக்கு மேல நடக்கிற மாதிரிக் கிடக்கு’ என்னும். பல வேளை எதுவுமே சொல்லாது. ஒரு செருப்பு முற்றத்தில் கழன்று கிடக்க, மற்றச் செருப்போடு குசினி வாசல்வரை வந்து நிற்கும். கழன்றது அதற்குத் தெரிந்திராது. பின்னேரம் கால் கழுவும்போது குதிக்காலில் பெரிய கொப்புளம் இருக்கும். எங்கே சுட்டது என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கும்.

இப்படியான பிள்ளையைக் ‘கவனமில்லாதது’, ‘துடியாட்டம் கூடிப்போச்சு’ என்று ஏசிவிட்டு மறந்துவிடுவது எங்கள் வீடுகளில் நடக்கிறது. ஆனால் வலி தெரியாமல் ஒரு பிள்ளைக்குச் சூட்டுக்காயம் வந்திருந்தால், தோலிலிருந்து மூளைவரை போகும் வழியில் எங்கோ ஓரிடத்தில் செய்தி தடைப்படுகிறது என்றே எடுக்க வேண்டும். எந்த இடத்தில்? எதனால்? வைத்தியர் இந்த இரண்டு கேள்விகளோடுதான் தொடங்குகிறார். முதலாவதற்குப் பிள்ளையின் உடம்பே பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு வீட்டார் வாய் திறக்க வேண்டும். ஸ்கான் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் இந்த இரண்டாவது பாதியை நாங்கள் குறைத்து மதிப்பிட்டு வருகிறோம். அப்படி மதிப்பிடக்கூடாது என்பதற்கு இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நேர்ந்த ஒரு பெரிய சான்று இருக்கிறது. பிறகு அதற்கு வருகிறேன். முதலில் உடம்பு சொல்லும் பதில்.

சப்பாணி கட்டி இருந்து எழும்பும்போது கால் விறைத்து, நாலு தரம் உதறியதும் சரியாகிவிடுவது எல்லோருக்கும் வருவது. அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப வருகிற விறைப்பு, நாளுக்கு நாள் மேலேறும் விறைப்பு, நடை மாறுவதோடு சேர்ந்து வரும் விறைப்பு, இவைதான் கணக்கில் எடுக்க வேண்டியவை.

சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்கு இப்படியொரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், வைத்தியருக்கு முதலில் தேவைப்படுபவை ஒரு குண்டூசி, ஒரு துண்டுப் பஞ்சு, ஒரு இசைக்கவை, முழங்காலைத் தட்டும் சிறு சுத்தியல் ஆகிய நான்குதான். எங்கள் முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகள் புறப்படுகின்றன. ஒவ்வொரு சோடியும் தோலில் தனக்கென்று ஒரு பட்டையை வைத்திருக்கிறது. மார்புக்காம்பின் மட்டம் நெஞ்சுப் பகுதியின் 4ஆம் நரம்புக்கு உரியது. தொப்புள் மட்டம் 10ஆம் நரம்புக்கு. பெருவிரல் இடுப்பின் 5ஆம் நரம்புக்கு, சின்னி விரல் திருவெலும்பின் 1ஆம் நரம்புக்கு. பிள்ளையின் கண்ணை மூடச் சொல்லி, காலிலிருந்து மேல்நோக்கி மெதுவாகக் குத்திக்கொண்டு போனால், ‘இப்ப குத்துது’ என்று பிள்ளை சொல்லும் இடத்தில் ஒரு கோடு கிடைக்கும். அது தொப்புள் மட்டத்தில் வந்து, அதற்குக் கீழே இரண்டு பக்கமும் உணர்வு குறைந்திருந்தால், கோளாறு காலில் இல்லை. முள்ளந்தண்டின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலேயோ இருக்கிறது. கால் விறைக்கிறது என்று வந்த பிள்ளையின் முதுகை வைத்தியர் தடவிப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

கோடு இல்லாமல், இரண்டு பாதங்களிலும் காலுறை போட்ட அளவுக்கு விறைப்பு இருந்தால், நரம்புகளின் நுனிகள் பழுதாகின்றன. கையிலோ முகத்திலோ வெளிறிய ஒரு தேமல் மட்டும் மரத்திருந்தால் தொழுநோயை நினைக்க வேண்டும். முழங்கையின் உட்புறத்தில் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். தொழுநோயை ஒழிப்பதற்கென உலக அளவில் வைக்கப்பட்ட இலக்கை இலங்கை 1995இலேயே எட்டிவிட்டாலும் நோய் நாட்டை விட்டுப் போகவில்லை. மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் விரல்கள் போகின்றன.

இன்னொரு வகை எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. பஞ்சு பட்டதைப் பிள்ளை சரியாகச் சொல்லும். சுடுதண்ணீர்க் குழாய் தோளில் பட்டால் சும்மா இருக்கும். சூட்டையும் வலியையும் கொண்டுபோகும் நார்கள் முண்ணாணுக்குள் நுழைந்ததும் நடுவால் குறுக்கே கடந்து மறுபக்கம் போகின்றன. தொடுகையைக் கொண்டுபோகும் நார்களிற் பெரும்பகுதி அப்படிக் கடக்காமல் பின்பக்கமாக நேரே மேலேறுகின்றன. முண்ணாணின் நடுவே நீர் சேர்ந்து ஒரு குழி உண்டானால், குறுக்கே போகும் நார்கள்தான் முதலில் அறுபடும். அதனால் தோளிலும் இரண்டு கைகளிலும் சூடு மட்டும் தெரியாமல் போகும். இந்தக் குழி உள்ள பிள்ளைகளிற் பலருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளையத் தொடங்குகிறது. அந்த வளைவுதான் வீட்டில் முதலில் கண்ணில் படும்: பாடசாலைச் சட்டையின் ஒரு தோள் தாழ்ந்திருக்கும், சட்டை விளிம்பு ஒரு பக்கம் இறங்கியிருக்கும்.

முதுகு வளைந்த பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ளே கோளாறு இருப்பதில்லை. பத்து வயதுக்கு மேல், அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, காரணம் தெரியாத வளைவு சாதாரணமாகவே வருகிறது. அதைப் பார்க்கும் வழியும் எளிது. பிள்ளையை முன்னால் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தால், விலாவின் ஒரு பக்கம் மேடாகத் தெரியும். வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1865இல் எழுதிவைத்த முறை, இன்றும் அதுதான். ஆனால் அந்தச் சாதாரண வளைவு பெரும்பாலும் நெஞ்சுப் பகுதியில் வலப்பக்கமாகவே புடைக்கும், விறைப்பைத் தராது, பிள்ளையை இரவில் நித்திரையால் எழுப்பும் வலியையும் தராது. இடப்பக்கம் புடைத்தால், பத்து வயதுக்கு முன்பே தொடங்கினால், கூடவே விறைப்பு இருந்தால், வயிற்றுத் தோலை வருடும்போது தொப்புள் அந்தப் பக்கம் இழுபடாமல் இருந்தால், முழு முள்ளந்தண்டுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க வேண்டும். எக்ஸ்றே எலும்பை மட்டும் காட்டும். முண்ணாணைக் காண எம்.ஆர்.ஐ. வேண்டும், அதற்குப் பிள்ளை நெடுநேரம் அசையாமல் கிடக்க வேண்டியிருப்பதால், சிறு பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்தே எடுப்பார்கள்.

முதுகின் அடிப்பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எந்தத் தாயும் குளிக்க வார்க்கும்போது பார்த்துவிடலாம். இடுப்புக்குக் கீழே, நடுக்கோட்டில், தனியாக ஒரு கற்றை மயிர். அல்லது ஆழமான ஒரு குழி. அல்லது மெத்தென்ற கொழுப்புக் கட்டி. அல்லது சிவந்த மறு. தோலும் முண்ணாணும் கருவில் ஒரே படையிலிருந்து பிரிந்து உருவாகின்றன. கருத்தரித்த நாலாவது கிழமைக்குள் அந்தப் படை குழாயாக மடிந்து மூடிக்கொள்ள வேண்டும். மூடுவதில் சிறு பிழை நேர்ந்தால் வெளியே தோலில் ஒரு அடையாளம் விழுந்து, உள்ளே முண்ணாண் கீழே ஒட்டிக்கொள்ளலாம்.

ஒட்டிக்கொண்டால் என்ன? மூன்று மாதக் கருவில் முண்ணாண் முள்ளந்தண்டுக் கால்வாயின் அடிவரை நிறைந்திருக்கிறது. அதன்பின் எலும்பு வேகமாக வளர, முண்ணாண் பின்தங்குகிறது. பிறக்கும்போது அதன் நுனி இடுப்பின் 2ஆம் 3ஆம் எலும்புகளின் அளவில் நிற்கும். வளர்ந்தவருக்கு 1ஆம் 2ஆம் எலும்புகளுக்கு இடையில். அதாவது, முண்ணாண் உள்ளே தடையில்லாமல் மேலே நகர வேண்டும். ஒட்டிய முண்ணாணுக்கு அந்த நகர்வு முடியாது. கன்று பெருக்கப் பெருக்கக் கழுத்துக் கயிறு இறுகுவதுபோல, பிள்ளை உயர உயர முண்ணாண் இழுபடும், அதன் இரத்த ஓட்டம் குறையும். அதனால்தான் ஐந்து வயதுவரை ஓடித் திரிந்த பிள்ளைக்கு, திடீரென்று வளரும் வயதில் பாதம் விறைக்கிறது, ஒரு கால் மெலிகிறது, பாதம் வளைகிறது, நின்றிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வருகிறது. பத்து வயதில் மறுபடி மூத்திரம் போகிறதே என்று அடி வாங்கும் பிள்ளைகளை நினைத்தால் மனம் தாங்கவில்லை. அந்தப் பிள்ளையின் முதுகைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். ஒட்டிய இடத்தை அறுவைச் சிகிச்சையால் விடுவிக்கலாம். மேலும் கெடாமல் தடுப்பதில் அது நல்ல பலன் தருகிறது; கெட்டுப்போனதை எல்லாம் மீட்டுத் தருவதில்லை. ஆகவே காலம் முக்கியம்.

காசநோய் நுரையீரலுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் பலர். அது முள்ளந்தண்டின் இரண்டு எலும்புகளையும் இடையிலுள்ள வட்டையும் அரித்து, எலும்பை முன்பக்கம் இடிந்து விழச் செய்யும். முதுகில் ஒரு கூர்மையான கூன் தெரியும். சீழ் முண்ணாணை நெருக்கினால் கால் விறைத்துச் செயல் குறையும். லண்டனைச் சேர்ந்த பேர்சிவல் பொட் 1779இல் இந்தக் கூனையும் கால் செயலிழப்பையும் சேர்த்து எழுதியதால் நோய்க்கு அவர் பெயரே வந்தது. நீண்டகாலம் இதற்கு மாதக்கணக்கில் சாந்துக்கட்டுக்குள் படுத்திருப்பதுதான் வைத்தியம். அந்த வழக்கத்தை மாற்றிய ஆய்வுகளில் ஒன்று எங்களுக்கு அயலிலேயே நடந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 1975 முதல் முதுகெலும்புக் காசநோயாளரை ஒப்பிட்டு ஆராய்ந்தது. கால் செயலிழக்கும் நிலைக்குப் போகாதவர்கள் நடமாடியபடியே 6 அல்லது 9 மாதம் மருந்து எடுத்தால், பெரிய அறுவைச் சிகிச்சை செய்தவர்களோடு ஒப்பிடத்தக்க அளவுக்குக் குணமாகிறார்கள் என்று பத்தாண்டு தொடர்ந்து பார்த்து நிறுவினார்கள்.

இடத்துக்கு அடுத்தது வேகம். மேலே சொன்னவை மாதக்கணக்கில் ஊர்ந்து வருபவை. மணித்தியாலங்களில், நாட்களில் வருபவை வேறு. காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்து ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு, பாதத்தில் கூச்சம் தொடங்கி, அடுத்த நாள் முழங்கால் மடங்கி, அதற்கடுத்த நாள் கை தளர்ந்தால், குய்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு வைத்தியர்கள் 1916இல் விவரித்த நோயை நினைப்பார்கள். கிருமியை எதிர்க்க எழுந்த உடம்பின் படை, தன் நரம்புகளின் உறையையே தாக்குகிறது. சுத்தியலால் தட்டினால் கால் துள்ளாது. இடுப்பில் ஊசி போட்டு எடுத்த பாய்பொருளில் புரதம் கூடியிருக்கும், கலங்கள் கூடியிரா. மூச்சு விடும் தசைகள் தளரலாம் என்பதால் இது வாட்டில் வைத்துப் பார்க்க வேண்டிய நோய். இதே வேகத்தில், ஆனால் உடம்பில் ஒரு கோட்டுக்குக் கீழே எல்லாம் விறைத்து, மூத்திரமும் அடைத்துக்கொண்டால், முண்ணாணே வீங்கியிருக்கிறது அல்லது நெரிபடுகிறது. இருக்கையில் படும் பகுதி மரத்துப்போய் மூத்திரம் போகாமல் இருக்கும் பிள்ளையை விடியட்டும் என்று வைத்திருக்கக்கூடாது. அதே இரவில் கொண்டுபோக வேண்டும்.

இலங்கையில் 15 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் திடீரென்று கை கால் தளர்ந்தால், காரணம் எதுவாகத் தோன்றினாலும், வைத்தியசாலை அதைக் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். 14 நாளுக்குள், குறைந்தது 24 மணித்தியால இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுக்கப்படும். போலியோ திரும்ப வரவில்லை என்று உறுதி செய்யத்தான் இந்த ஏற்பாடு. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானவர். ‘கால் ஏலாத பிள்ளைக்கு மலம் எதுக்கு?’ என்று வாட்டில் தாய்மார் கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கான பதில் இது.

இப்போது அந்தச் சான்றுக்கு வருகிறேன். 1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருந்து கால் தளர்ந்த பெண்பிள்ளைகள் வைத்தியசாலைக்கு வந்தார்கள். 20க்கும் மேற்பட்டவர்கள். பாதம் தொங்கியது; நடக்கும்போது முழங்காலை உயர்த்திப் பாதத்தைத் தரையில் அடித்து வைக்க வேண்டியிருந்தது. பார்வைக்கு அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் நோய் போலவே இருக்கும். ஆனால் அந்த நோய் ஆணையும் பெண்ணையும், கிழவரையும் குழந்தையையும் பார்த்து வருவதில்லை. இங்கே வந்தவர்கள் எல்லோரும் தமிழ்ப் பெண்பிள்ளைகள், எல்லோரும் பருவமடையும் வயதினர். தம்பிக்கு வரவில்லை, அப்பாவுக்கு வரவில்லை. ஒரே வீட்டில், ஒரே பானையில் உண்ட குடும்பத்தில் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் வைத்தியர் நிமல் சேனநாயக்கவும், தொழில்சார் சுகாதாரத்தில் வல்லவரான ஜெயரட்ணமும் அதைத் துருவிப் போனார்கள். அந்த வயதுப் பெண்பிள்ளை மட்டும் செய்யும் ஒன்று, அல்லது அவளுக்கு மட்டும் கொடுக்கப்படும் ஒன்று என்ன? இதைப் படிக்கும் தமிழ்த் தாய் எவருக்கும் விடை உடனே தெரிந்திருக்கும். பிள்ளை சாமத்தியப்பட்டால் முட்டையும் நல்லெண்ணெயும். எங்கள் தென்மராட்சியிலும் அதேதான்: உழுத்தங்களி, கத்தரிக்காய், பச்சை முட்டை, அதன் பின்னால் நல்லெண்ணெய். மற்றவர்கள் கறி தாளிக்க ஒரு கரண்டி விடும் எண்ணெயை, அந்த நாட்களில் அவள் பச்சையாகக் குடிக்கிறாள்.

எண்ணெயைச் சோதித்தபோது அதில் ட்ரைக்ரெசைல் பொஸ்பேற் இருந்தது. இயந்திர எண்ணெய்களிலும், பிளாஸ்ரிக்கை வளையச் செய்யவும் சேர்க்கப்படும் இரசாயனம். கனிம எண்ணெய் வைத்திருந்த கொள்கலத்தில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்தபோது கலந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 1981இல் ‘த லான்செற்’ இதழில் அந்தக் கண்டுபிடிப்பு வெளிவந்தது. அதே ஆண்டு, அந்தப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து எழுதிய கட்டுரையையும் சேனநாயக்க வெளியிட்டார். வழக்கத்தின் மேல் பழி போடுவது சுலபம். எள்ளும் குற்றம் செய்யவில்லை, ஊட்டிய அம்மம்மாவும் குற்றம் செய்யவில்லை. நஞ்சு வந்தது கொள்கலத்தில். வழக்கம் செய்தது, அந்த நஞ்சின் அளவைக் குடும்பத்தில் ஒருத்திக்கு மட்டும் கூட்டியது.

இந்த நஞ்சு வேலை செய்யும் விதம் தனி. குடித்த அன்று பெரிதாக ஒன்றும் தெரியாது. ஈரல் அதை இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருள் நரம்புக் கலத்தில் உள்ள ஒரு நொதியத்தில் போய் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. 1969இல் இந்த நொதியத்தை அடையாளம் கண்டவர் இங்கிலாந்தின் மார்ட்டின் ஜோன்சன். ஒன்று முதல் மூன்று கிழமை கழித்து நீண்ட நரம்பு இழைகள் நுனியிலிருந்து அழியத் தொடங்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையில், முண்ணாணில் இருக்கும் ஒரு கலம் முக்கால் மீற்றருக்கும் மேலான இழையை நீட்டிப் பாதத்தை ஆட்டுவிக்கிறது. அவ்வளவு தூரத்துக்குப் பொருள் அனுப்பிக் காக்க வேண்டிய இழை முதலில் விழுகிறது. அதனால்தான் கெண்டைக்கால் வலி, பாதத்தில் கூச்சம், பிறகு பாதம் தொங்குதல், கடைசியில் கை. குடித்ததற்கும் விழுந்ததற்கும் இடையில் உள்ள இந்தக் கிழமைகள்தான் குடும்பத்தை ஏமாற்றுகின்றன. சாமத்தியச் சடங்கு முடிந்து பந்தலும் பிரித்தாகிவிட்டது. யார் அந்த எண்ணெயை இந்தக் காலோடு இணைத்து நினைப்பார்கள்?

அதற்குப் பிறகு வருவதுதான் முள்ளந்தண்டோடு தொடர்புள்ளது. வெளிநரம்பு இழைகள் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வீதம் திரும்ப வளரும். கை தேறும், பாதமும் கொஞ்சம் கொஞ்சமாக எழும். எல்லோரும் ஆறுதல் கொள்ளும் வேளையில் கால் விறைத்து இறுகத் தொடங்குகிறது. முன்பு தட்டினால் துள்ளாத முழங்கால் இப்போது அளவுக்கு மீறித் துள்ளும். உள்ளங்காலை வருடினால் பெருவிரல் மேல்நோக்கி எழும். பாபின்ஸ்கி 1896இல் காட்டிய இந்தக் குறி, நடை பழகும் வயதைத் தாண்டியவர்களில் தென்பட்டால் மூளையிலிருந்து முண்ணாண் வழியே இறங்கும் பாதை பழுதென்று பொருள். அந்தப் பாதையின் நீண்ட இழைகளும் வெளிநரம்பு இழைகளோடு சேர்ந்தே அழிந்திருந்தன. தளர்ந்து கிடந்த தசையில் அது வெளித்தெரியவில்லை, அவ்வளவுதான். முண்ணாணுக்குள் அறுந்த இழை வெளிநரம்பைப் போல் திரும்ப வளர்வதில்லை. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலரிடம் இந்த அடையாளங்கள் இருந்தன.

உலகத்துக்கு இது புதிதாக இருக்கவில்லை. 1930இல், மதுவிலக்கு இருந்த அமெரிக்காவில், மருந்துக் கடையில் விற்ற இஞ்சிச் சாராயத்தைக் குடித்த பல்லாயிரம் ஏழைகள் பாதம் தொங்கிப் போனார்கள். சாற்றில் இவ்வளவு திண்மம் இருக்க வேண்டும் என்ற அரசுச் சோதனையை ஏமாற்ற, உற்பத்தி செய்தவர்கள் இதே இரசாயனத்தைச் சேர்த்திருந்தார்கள். அரசுச் சுகாதாரச் சேவையின் மோரிஸ் சிமித் அதைக் கண்டுபிடித்தபோது, கோழிக்குக் கொடுத்தால் கோழியின் கால் விழுவதையும் கண்டார். இப்படிப்பட்ட இரசாயனங்களின் தாமத நரம்புச் சேதத்தை இன்றும் கோழியிலேயே சோதிக்கிறார்கள். 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரத்தில் விமான இயந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றார்கள். ஏறக்குறைய 10,000 பேர் விழுந்தார்கள். இலங்கைக்குப் பத்தாண்டு கழித்து, 1988இல், கல்கத்தாவின் பெகாலாவில் இதே நஞ்சு கலந்த எண்ணெயால் சுமார் 600 பேர். இடம் மாறுகிறது, எண்ணெய் மாறுகிறது, கொள்கலமும் கள்ளமும் மாறவில்லை. மெக்னெசில் எவருக்குத் தண்டனை கிடைத்தாலும், கால் போன பிள்ளைக்குக் கால் வரவில்லை.

சேனநாயக்க நல்லெண்ணெய் ஆய்வோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே, 1982இல், அந்த நொதியத்தைக் கண்டறிந்த ஜோன்சனோடு சேர்ந்து, மெதாமிடோபொஸ் என்ற பூச்சிகொல்லியை உட்கொண்டு பிழைத்தவர்களுக்கும் சில கிழமைகளில் இதேபோல் நரம்பு விழுவதை எழுதினார். இலங்கை அந்தப் பூச்சிகொல்லியை 1995இல் தடை செய்தது. வயலும் தோட்டமும் உள்ள தென்மராட்சியில் இது எங்கோ நடந்த கதை போல் வாசிக்கக்கூடாது. மருந்தடித்த கானைக் கழுவி மண்ணெண்ணெய்க்கோ தண்ணீருக்கோ வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இதனால்தான் விறைப்போடு வரும் பிள்ளையின் வீட்டாரை வைத்தியர் நெடுநேரம் கேள்வி கேட்டால் எரிச்சல் படக்கூடாது என்கிறேன். எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், அதற்கு மூன்று நாலு கிழமைக்கு முன் காய்ச்சல் வந்ததா, நாட்டுமருந்து ஏதும் கொடுத்தீர்களா, பிள்ளை எங்கே விளையாடுகிறது, வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமலா, பிள்ளை மீன், முட்டை, பால் ஏதும் எடுக்கிறதா. கடைசிக் கேள்வி பி-12 விற்றமினுக்காக. அது நெடுங்காலம் கிடைக்காவிட்டால் பாதமும் விறைக்கும், முண்ணாணின் பின்பக்கமும் கெடும், ஊசி போட்டால் முன்னேறும். பரியாரியாரிடம் போனதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மரத்த காலுக்குச் சுடச்சுட ஒத்தணம் கொடுப்பதையும், காரணம் தெரியுமுன் முதுகை நெட்டி முறிப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். முதலாவது தோலைப் பொசுக்கிவிடும். இரண்டாவது, காசநோய் அரித்த எலும்பாக இருந்தால், முண்ணாணையே நசுக்கிவிடும்.

ட்ரைக்ரெசைல் பொஸ்பேற்றுக்கு எடுத்துச் சொல்லும்படியான மணமும் இல்லை, நிறமும் இல்லை. எண்ணெயில் எண்ணெயாகக் கரைந்துவிடும். கடைக்காரருக்கும் தெரியாது, தாளித்த தாய்க்கும் தெரியாது. ஆய்வுகூடம்தான் கண்டுபிடிக்கும், அதுவும் மாதிரி கிடைத்தால். சந்தேகம் வந்தால் போத்தலில் மிச்சமிருக்கும் எண்ணெயை ஊற்றிவிடாமல் மூடிக்கட்டி, வாங்கிய கடையையும் திகதியையும் எழுதிப் பிள்ளையோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். அதே கடையில் வாங்கிய அடுத்த வீட்டுக்காரருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.